எல்லாம் படித்ததாகக் குறி

அக்கா பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்பார்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு எல்லோரும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கும்போது, இவர் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். முடித்ததும் கண்டக்டரைக் கூப்பிடுவார்.

"ஏங்க, பரிசோதகர் கேட்டா காட்டணும்னு போட்டிருக்கு. பத்து வருசமா போய்ட்டு வர்றேன், ஒருத்தரும் கேக்கல. அந்தப் பரிசோதகர் எங்க ஏறுவாரு?"

"அவரு மலைக்கு வர்றதில்லீங்க. தலை சுத்துமாம்."

"அத்த இதுல போடலியே?"

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இதைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, எங்கெங்கே ஒற்று விட்டிருக்கிறேன் என்று போன் செய்து சொல்வார். எழுதாவிட்டாலும் சொல்வார். ஆனால் அதற்கு முன்னால், 'இது நானில்ல, இருந்தாலும்' என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு லாபம்.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவர் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. போளூர்க்காரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு, வீடு வீடாகப் போய் விவரம் எடுத்து டேப்லெட்டில் ஏற்றும் ஓர் ஒப்பந்த வேலையில் ஓராண்டுக்கு மலையேறியிருந்தேன். ஏற்ற வேண்டுமென்றால் சிக்னல் வேண்டும். சிக்னல் அக்கா கடையில்தான் ஒழுங்காகக் கிடைத்தது. அவர் தன் போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, டம்ளரை ஷட்டர் பெட்டிமேல் வைத்திருப்பார். டம்ளரைக் கால் திருப்பு திருப்பினால் இன்டர்நெட் போய்விடும்.

முதல் நாள் என் வேலை ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஆறு பக்கம். வாங்கினார், கண்ணாடி போட்டுக்கொண்டார், ஸ்டூலில் உட்கார்ந்தார், முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, ஜெராக்ஸ்தான் வேணும்."

"எடுக்கறேன்."

"படிக்கத் தேவையில்லக்கா."

"கண்ணாடிமேல கவுத்து வெச்சா மிஷினுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாவா?"

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் தோளிலிருந்த பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே விட்டார். பழகியவர்கள். நான்காம் பக்கத்தில் அக்கா நிமிர்ந்தார்.

"ஏமே, வேலய வுட்டு நின்னா டேப்லெட்ட நீயே கொண்டாந்து ஒப்படைக்கணும்னு கீது. கையெழுத்து போட்டுட்டியே, பாத்தியா?"

பார்க்கவில்லை.

"அஞ்சாம் பக்கத்துல உம்பேரு முருகேசன்னு கீது. அத்தயாவது பாத்தியா?"

எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் நான் திரு. முருகேசன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவராம். முருகேசனுக்காக என் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. பலாப்பழக்காரர், "முருகேசா, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வெளிச்சம் மறைக்குது" என்றார். அந்த ஓராண்டும் சந்தையில் பாதிப் பேருக்கு நான் முருகேசன்தான்.

நான் படிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பைப் படிப்பேன், முதல் வரி படிப்பேன், மீதி தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். என் திரையில் எப்போதும் நாற்பது பக்கங்கள் திறந்திருக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. அக்காவுக்கு அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி. ஒரு போட்டோ மென்பொருளைக் கணினியில் ஏற்றியபோது, 'நான் ஏற்கிறேன்' என்ற பொத்தானை அமுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, அதற்கு மேலே இருந்த நிபந்தனைகளை ஒரு முழுக் காலைப்பொழுது படித்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். புரியாத இடத்தில் என்னைக் கேட்பார். எனக்கும் புரியாத இடத்தில் என்னைத் திட்டுவார்.

"நாலு வருசம் காலேஜுல இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

இப்படிப் படித்துப் படித்தே அவருக்குப் பாதி நாள் போனது. காரணம் ஒரு நீள நோட்டு. அதில் பத்தொன்பது இணையதள முகவரிகளை எழுதி வைத்திருந்தார். வேலை அறிவிப்பு, உதவித்தொகை, விடுதி இடம், வானிலை, தேர்வு முடிவு. தினமும் காலையில் கடை திறந்ததும் பத்தொன்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பார். டம்ளர் சிக்னலில் ஒவ்வொன்றும் திறப்பதற்குள் ஒரு டீ குடிக்கலாம். புதிதாக ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று அடிவரை தேடிப் பார்த்து, இல்லையென்றால் நோட்டில் ஒரு 'இ' போடுவார். மலையில் யாரும் இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்கவில்லை. கீழே அறிவிப்பு வந்து, அது வாய்வழியாக மலையேறி வரும்போது கடைசித் தேதி தாண்டியிருக்கும். அது அவரால் தாங்க முடியாத விஷயம். படிக்காமல் ஒன்று போய்விட்டதே என்று.

நோட்டில் முதல் முகவரி அஞ்சலைக்காக. அஞ்சலை பலாக்கொல்லையில் இருப்பவள். ஜீப்பில் முக்கால் மணி நேரம். அவள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் இடம் ரொம்ப நாளாகக் காலி. அந்த ஊர்ப் பெண்தான் போடலாம், பத்தாவது முடித்திருக்க வேண்டும். முடித்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்வருகிறவன். 'அடுத்த தபா நீயும் கிளம்பு, புள்ளையத் தூக்கிக்கோ' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் போக மனசில்லை. அறிவிப்பு வந்தால் ஊரிலேயே இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சந்தை நாளும் புளி மூட்டையை இறக்கிய கையோடு கடை வாசலில் வந்து நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

"வந்துச்சா யக்கா?"

"இல்லமே. பாத்துட்டேன். வரல."

எட்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. "அக்கா, நீங்க போய்ப் பாக்கவே வேணாம். அதெல்லாம் தானா நம்மகிட்ட வர்ற மாதிரி ஒண்ணு பண்ணித் தர்றேன்" என்றேன். விஷயம் ரொம்ப எளிது. பல தளங்கள் தங்களிடம் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை ஒரு தனிப் பட்டியலாகவும் வைத்திருக்கும்; ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபீட்' என்று பெயர், அதைப் படித்துத் தரும் மென்பொருள் 'ஃபீட் ரீடர்'. ஒரு நிரல் அரைமணிக்கு ஒருதரம் எல்லாத் தளத்தின் பட்டியலையும் எட்டிப் பார்த்து, புதிய தலைப்புகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து அடுக்கும். பட்டியல் வைக்காத தளமென்றால் அதன் பக்கத்தையே பிரித்துத் தலைப்பைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இணையத்தில் இதை இலவசமாகச் செய்து தரும் சேவையே இருந்தது. திறந்தேன். கணக்குத் தொடங்கு என்றது. கீழே நிபந்தனைகள்.

அக்கா கண்ணாடியைப் போட்டார்.

பதினோராவது பத்தியில் நின்றார். "இங்க பாரு. 'எப்ப வேணா நிறுத்திக்குவோம், காரணம் சொல்ல மாட்டோம்'னு போட்டிருக்கான். நான் வருசக்கணக்கா சேத்து வெச்சத ஒரு நாளு இல்லன்னுட்டா? இது நம்ம கடையிலயே இருக்கக் கூடாதா?"

நம் கணினியிலேயே சொந்தமாக நடத்துவது பற்றி நான் படித்திருந்தேன். அதாவது தலைப்பும் முதல் வரியும். இப்போது மீதியைப் படிக்க வேண்டியதாயிற்று. பள்ளியில் கொடுத்த என் பழைய லேப்டாப் ஒன்று பேட்டரி செத்து, மூன்று எழுத்துகள் உதிர்ந்து வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து லேமினேஷன் மிஷினுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகச் செருகி வைத்தேன். பத்து நாளில் எழுதி முடித்தேன். தலைப்பு, தேதி, தளம் என்று ஒரு கோப்பில் சேரும். இணைத்திருக்கும் அறிவிப்பையும் சேர்த்தே இறக்கி வைத்துக்கொள்ளும், அதனால் டம்ளர் திரும்பினாலும் படிக்கலாம். திரையில் வரும் சொற்களைத் தமிழில் போட நேரமில்லாமல், கணினியையே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டேன்.

திறப்பு விழாவுக்குக் கடையில் ஆறு பேர் இருந்தார்கள். திரை விரிந்தது. மேலே பெரிய எழுத்தில் 'தீவன வாசகர்'. அதற்குக் கீழே 'புதிய தீவனத்தைச் சேர்'. ஓரத்தில் 'உங்கள் தீவனம் காலியாக உள்ளது'.

பலாப்பழக்காரர் முன்னால் வந்தார். "மாட்டுக்கா, ஆட்டுக்கா?"

"அய்யோ, அது இல்லீங்க..."

"இல்லன்னா? கொட்ட எழுத்துல எழுதியிருக்கே. ஆதார் கொண்டாரணுமா, ஜெராக்ஸ் போதுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீ எழுதுனத நீயே படிக்கலியா?"

சாயங்காலம் எல்லாவற்றையும் திருத்தினேன். 'செய்தியோடை' என்று ஒரு சொல் கிடைத்தது. அதில் செய்தியை விட்டுவிட்டு ஓடையை மட்டும் அக்கா எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது ஓடை. காலையில் நான் கடைக்குள் நுழையும்போது, "ஓடையில தண்ணி வருது, உக்காரு" என்பார். கரண்ட் போனால், "ஓட வத்திப் போச்சி, டீ சொல்லு" என்பார். பத்தொன்பது தளமும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

ஆனால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். திரையின் மூலையில் 'படிக்காதவை' என்று ஒரு எண் வரும்படி வைத்திருந்தேன். இந்த மாதிரி எல்லா மென்பொருளிலும் இருப்பதுதான். கூடவே, இடம் சும்மாதானே கிடக்கிறது என்று, எனக்குப் பிடித்த அறுபது வலைப்பதிவுகளையும் அதே ஓடையில் திருப்பிவிட்டேன். மறுநாள் காலை மூலையில் 1,380 என்று நின்றது.

அக்கா கண்ணாடியைப் போட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று வாரத்தில் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பதிவுகளைக் கணினியை விட்டுத் தமிழாக்கிப் படித்தார். அது 'தீவன'த் தமிழ்தான், ஆனாலும் விடவில்லை. என் வலைப்பதிவுகளைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்துபோயிற்று. சாமை அரிசிச் சோற்றை அள்ளிக்கொண்டே திடீரென்று கேட்பார்: "அந்தப் பனி தேசத்துக்காரன், சைக்கிள்லயே போறானே, அவன் சங்கிலி மாத்திட்டானா இல்லியான்னு பாத்தியா?" நான் அந்த ஆளைச் சேர்த்ததோடு சரி, ஒரு வரி படித்ததில்லை. "மாத்திட்டான். ஆனா அவன் பொண்டாட்டிக்கு அந்த சைக்கிள் புடிக்கலபோல. வெளிப்படையா எழுதல. எனக்குத் தெரியுது."

சங்கிலி திருடி மாட்டிக்கொண்டவளைப் போல விழித்தேன்.

எண் மறுபடி ஏறத் தொடங்கியபோது அவருக்கு உதவலாமென்று ஒரு பொத்தான் வைத்தேன். 'எல்லாம் படித்ததாகக் குறி'.

"இத்த அமுக்குனா?"

"எல்லாம் படிச்சதா ஆயிடும்க்கா."

"யாரு படிச்சதா?"

"நீங்க."

"நான் படிக்கலியே."

"படிச்சதா குறிச்சிக்கும். அவ்ளோதான்."

"அப்ப இது பொய் பட்டன்."

"அக்கா, உலகத்துல எல்லா ரீடர்லயும் இது இருக்கு."

"இருந்துட்டுப் போவுது. இந்தக் கடையில இன்னாத்துக்கு?"

பொத்தானை எடுத்துவிட்டேன். சரியாகச் சொன்னால், திரையிலிருந்து எடுத்தேன். நிரலில் அப்படியே இருந்தது. என் டேப்லெட்டிலிருந்து ஒரு வரி தட்டினால் வேலை செய்யும்.

மழை வந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்து, ஐந்து நாள் ஓடை வற்றிக் கிடந்தது. ஆறாம் நாள் கரண்ட் வந்தபோது அக்கா ஊரில் இல்லை. ஒடுகத்தூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கடைச் சாவியையும் டம்ளர் போனையும் என்னிடம் கொடுத்து, "ரெண்டு நாளு. ஓடையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லேப்டாப் ஐந்து நாள் பாக்கியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு 937 என்றது.

எனக்கு இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டும் அப்போது அற்புதமாகத் தெரிந்தன.

ஒன்று, குப்பைத் தொட்டி. சில அலுவலகத் தளங்களில் இன்னும் அந்தக் காலத் தட்டச்சு எழுத்துருவில் தலைப்பு போடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தல் கந்தலாகத் தெரியும். இரண்டு அரைப்புள்ளிக்கு மேல் இருக்கும் தலைப்பையெல்லாம் தானாகக் குப்பையில் போடும்படி ஒரு விதி எழுதினேன். இரண்டாவது, அந்த ஒரு வரி. அக்கா திரும்பி வரும்போது மூலையில் சுழியம் நிற்க வேண்டும், அவர் முகம் மலர வேண்டும். தட்டினேன். 937 சுழியமாயிற்று. ஒரு வினாடிகூட ஆகவில்லை.

மறுநாள் சந்தை. காலையில் அஞ்சலை வந்தாள், இடுப்பில் குழந்தை.

"வந்துச்சா?"

சுழியத்தைப் பார்த்தேன். "இல்லக்கா. வரல."

"அவுரு நாளன்னிக்கு கெளம்பறாரு" என்றாள். குடகுக்கு. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு புளி எடை போடும் பக்கம் போனாள்.

இரண்டு மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். கையில் காதுகுத்துப் பலகாரம். ஸ்டூலில் உட்கார்ந்து மூலையைப் பார்த்தார். முகம் மலரவில்லை.

"ஆயிரம் கிட்ட இருந்திருக்குமே."

"இருந்துச்சுக்கா. முடிச்சிட்டேன்."

"நீயா?"

"ம்."

"சைக்கிள்காரன் இன்னா எழுதனான்?"

நான் லேமினேஷன் மிஷினைப் பார்த்தேன். அது சூடாகிக்கொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அஞ்சல வந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்தாங்க. வரலன்னு சொன்னேன்."

"நீ பாக்கல."

"அக்கா..."

"பாக்கலன்னு சொல்லியிருக்கணும். வரலன்னு சொல்லிட்டே. ரெண்டும் வேற வேற வார்த்தைமே."

எனக்குக் காது சூடாயிற்று. வேகவேகமாக 937-ஐயும் படிக்காததாகத் திருப்பினேன். 'அங்கன்வாடி' என்று தேடல் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. "பாருங்கக்கா, நெஜமாவே வரல!"

அக்கா தேடலை நம்புகிறவரில்லை. மவுஸை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். "இது இன்னா புதுசா, குப்பைன்னு?"

"அதுல ஒண்ணும் இல்லக்கா. எழுத்து உடைஞ்சது. படிக்க முடியாது."

"யாரால?"

திறந்தார். பதினான்கு இருந்தன. முதலாவதை வாய்விட்டுப் படித்தார்: ஏதோ சாலை ஒப்பந்தப்புள்ளி. இரண்டாவது, நூலக அறிவிப்பு. எனக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் காற்புள்ளியும் அரைப்புள்ளியும்தான். அக்கா தெளிவான தமிழில் படித்துக்கொண்டு போகிறார்! பிறகுதான் சொன்னார்: கல்யாணத்துக்கு முன்னால் போளூரில் ஒரு அச்சகத்தில் ஆறு வருசம் பத்திரிகை அடித்தாராம், இதே எழுத்துருவில். எந்த ஆங்கில எழுத்துக்குக் கீழே எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். மூன்றாவதற்கு வந்தார். அது இப்படி ஆரம்பித்தது:

mq;fd;thb

"அங்கன்வாடி" என்றார் அக்கா.

கடைசித் தேதி அன்றுதான். மாலை ஐந்தே முக்கால். விண்ணப்பதாரர் நேரில் வந்து கொடுக்க வேண்டும். மணி இரண்டரை. பலாக்கொல்லை ஜீப் இரண்டரைக்குக் கிளம்பும்.

நான் ஓடினேன். செருப்பு கடையிலேயே கிடந்தது. புளி மூட்டைகளுக்கு நடுவே, கோழிக் கூடைகளுக்கு நடுவே, "முருகேசா, இன்னா ஓட்டம்!" என்ற குரல்களுக்கு நடுவே ஓடினேன். ஜீப் நகர்ந்துவிட்டிருந்தது. முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி என் குடும்பத்தையே விசாரித்தார். பின்னால் பதினைந்து பேருக்கு நடுவில் அஞ்சலை.

"வந்துடுச்சுக்கா! அறிவிப்பு வந்துடுச்சு! எறங்குங்க!"

இறங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டேன். நடந்துகொண்டே சொல்லிவிட்டேன், மூச்சு வாங்கிக்கொண்டே. காலையில் நான் பார்க்கவில்லை, ஒன்றையும் படிக்கவில்லை, ஒரு வரி தட்டி எல்லாம் படித்ததாக ஆக்கிவிட்டேன், பார்க்காமலே வரவில்லை என்று சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா இல்லாத கடையில நீ வரலன்னா வரலன்னு ஆயிடுமா? இன்னிக்கி அக்கா வரும், நாளைக்கி திரும்ப வந்து கேக்கலாம்னுதான் இருந்தேன். உன்ன யாரு நம்புனாங்க?"

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். நாளைக்கு வந்திருந்தால் தேதி இன்றோடு முடிந்துபோயிருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நடையை எட்டிப் போட்டோம். குழந்தை மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

கடையில் அக்கா சான்றிதழ் நகல்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். மாதக்கணக்காக ஒரு உறையில் போட்டு அஞ்சலை பெயரெழுதி வைத்திருந்தவை. அறிவிப்பையும் பதினோரு பக்கம் அச்செடுத்திருந்தார். நான் பேனாவை எடுத்தேன். "குடுங்கக்கா, கடகடன்னு நெரப்பிடறேன். ஆபீசு பக்கத்துலதானே."

"உக்காரு. மொதல்ல படிக்கலாம்."

"அக்கா, மணி மூணேகால்!"

"அஞ்சே முக்கால்னு கீது."

படித்தார். முதல் வரியிலிருந்து. பொருள், பார்வை, அரசாணை எண், அந்த அரசாணைக்கு முந்திய அரசாணை எண். அஞ்சலை நகத்தைக் கடித்தாள். நான் கடிகாரத்தைக் கடித்துவிடலாம் போல இருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் குழந்தை தூங்கிவிட்டது. ஏழாம் பக்கத்தில், காலியிடங்களின் பட்டியலில், அக்காவின் விரல் நின்றது.

"அஞ்சல, உங்க ஊரு இதுல இல்லியே."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இருமே." விரல் நகர்ந்தது. "பலாக்கொல்லன்னு இல்ல. கொல்லைமேடு ரெண்டுன்னு ஒண்ணு கீது. அப்படி ஒரு ஊரு யாருக்கானா தெரியுமா?"

வாசலில் குத்துக்காலிட்டிருந்த பலாப்பழக்காரர்தான் சொன்னார். "அதாங்க பலாக்கொல்ல. சர்வே கல்லு நட்டப்ப ஆபீசருங்க வெச்ச பேரு. வரி ரசீதுல அப்படித்தான் வரும்."

எட்டாம் பக்கத்தில் ஒரு வரி: பட்டியலில் உள்ள மையத்தின் பெயரைப் பட்டியலில் உள்ளவாறே எழுதாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். நான் பேனாவைக் கீழே வைத்தேன். நான் கடகடவென்று நிரப்பியிருந்தால் பலாக்கொல்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

ஐந்து பத்துக்குக் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்தவர் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கிழித்துத் தந்தார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்து முடிக்கும்வரை, அந்த அலுவலர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அஞ்சலையின் புருஷன் சொன்ன நாளில் தனியாகத்தான் குடகுக்குப் போனான். இவள் முடிவு தெரியாமல் ஊரை விட்டு நகர மாட்டேன் என்றுவிட்டாள்.

நான் அந்த ஒரு வரியை நிரலிலிருந்து வேரோடு எடுத்தேன். குப்பைத் தொட்டியையும். என் ஒப்பந்தம் முடிந்து, டேப்லெட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனேன். ஓடையின் ஒரு நகலை என் கணினியிலும் ஓடவிட்டிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காரும்போது அது வந்து விழுந்தது. தேர்வுப் பட்டியல். காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள், தேட முடியாது. ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயராக. என் வாழ்க்கையில் ஒரு பட்டியலை அப்படிப் படித்ததில்லை. அறுபத்தொன்றில் அஞ்சலை! சோற்றுக் கையோடு போன் போட்டேன்.

"அக்கா! பட்டியல் வந்துடுச்சு! அஞ்சல..."

"நிறுத்து."

"அக்கா, கேளுங்க..."

"நான் முப்பத்தெட்டுல கீறேன். வாயத் தொறக்காத."

பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. அஞ்சலை. "யக்கா, கீழருந்து மேல படிக்கக் கூடாதா?"

"எந்த ஊருல கீழருந்து படிப்பாங்க? முப்பத்தொம்பது. சரோஜா மு., மேல்தெரு."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கச் சொல்லவில்லை. சோறு ஆறியது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. ஐம்பதைத் தாண்டியதும் அஞ்சலையின் குரல் நின்றுவிட்டது. யாரோ ஜெராக்ஸ் கேட்டார்கள், யாரோ அவரை அடக்கினார்கள்.

"அறுவது. தனலட்சுமி பெ., காட்டுக்கொல்லை."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தெரிந்திருந்தும்.

"அறுவத்தொண்ணு. அஞ்சலை கோ., கொல்லைமேடு ரெண்டு."

அதே குரல், அதே வேகம். அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உருண்டது. அஞ்சலை சிரித்தாளா அழுதாளா என்று போனில் தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சும்மா இருங்க. இன்னும் மூணு பக்கம் கீது" என்றார் அக்கா. "அறுவத்திரெண்டு. செல்வி ஆர்., புதூர்."

கொஞ்சம் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அறுவத்திரெண்டு. செல்வி ஆர்., புதூர்."

ஒரே வரியை அவர் இரண்டு தடவை படித்து நான் கேட்டது அன்றுதான்.